கிளவுட் விஎம்மில எந்த ஓஎஸ் ஓடும், எதுவரைக்கும் ஓடும்: அடிக்கடி கேக்கிற கேள்வியள்

யாழ்ப்பாணத்தில கடை கம்பனியளுக்கு சேர்வர் வேலை செய்து குடுக்கிற எனக்கு, ரியூசன் சென்ரர் வச்சிருக்கிறவை, ஆஸ்பத்திரி வீதிப் பக்கம் கடை நடத்திறவை, திருநெல்வேலியில படிக்கிற கம்பஸ் பெடியள் எண்டு கனபேர் கிளவுட் சேர்வர் (இன்ரநெட்டால வாடகைக்கு எடுக்கிற கொம்பியூட்டர்) பற்றி வட்ஸ்அப்பில கேள்வி அனுப்புவினம். ஆக்கள் வேற வேற எண்டாலும் கேள்வி ஒண்டுதான் திரும்பத் திரும்ப வரும். அதால எல்லாத்தையும் அவை கேட்ட மாதிரியே ஒரு இடத்தில எழுதி வைக்கிறன். மேல இருந்து கீழ வாசிச்சால் லேசா விளங்கும், பின்னுக்கு வாற பதில்கள் முன்னுக்கு சொன்னதைப் பிடிச்சுத்தான் போகுது.

அண்ணை, மாசம் மாசம் கிளவுட்காரனுக்கு காசு கட்டிறம், பிறகும் ஓஎஸ்ஐ நாங்கள்தான் பாக்கோணுமோ?

ஓம், நீங்கள்தான் பாக்கோணும். விஎம் (வேர்ச்சுவல் மெசின்) எண்டால் அவங்கட பெரிய மெசினுக்குள்ள உங்களுக்கெண்டு பிரிச்சுத் தந்த ஒரு மெசின். கட்டிடம், கரண்ட், ஹார்ட்வெயார், நெட்வேர்க், அந்த மெசினைப் பிரிக்கிற ஹைப்பர்வைசர், இவ்வளவும் அவங்கட பொறுப்பு. உள்ளுக்க ஏத்தின ஓஎஸ், அதாவது விண்டோஸோ லினக்ஸோ, அதின்ர அப்டேட், பாஸ்வேர்ட், ஃபயர்வோல், பக்கப் எல்லாம் உங்கட பொறுப்பு. அமேசன், அஸூர், கூகிள் எண்டு ஆரிட்டப் போனாலும் விஎம்முக்கு இதுதான் முறை.

வீடு வாடகைக்கு எடுத்தால் கூரை ஒழுகினா வீட்டுக்காரர் பாப்பார், கதவைப் பூட்டிறது நீங்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இது வடிவா விளங்கினால் கீழ வாற அரைவாசிக் கேள்விக்குப் பதில் தானா வரும்.

சப்போர்ட் முடிஞ்சுது முடிஞ்சுது எண்டுறாங்கள், என்ர சேர்வர் ஒரு பிரச்சினையும் இல்லாம ஓடுதே?

ஓடும், ஓடாமல் விடாது. சப்போர்ட் முடியிற அண்டைக்கு ஒருத்தரும் வந்து சுவிட்சை நிப்பாட்ட மாட்டினம். ஆனா அண்டைக்குப் பிறகு கண்டுபிடிக்கிற ஓட்டையளுக்கு உங்களுக்கு அப்டேட் வராது, அதே நேரம் அந்த ஓட்டையைப் பற்றின விபரம் உலகத்துக்கே தெரிஞ்சிருக்கும். இன்ரநெட்டில திறந்து கிடக்கிற சேர்வரை ரோபோ புரோகிராம்கள் இரவு பகலா தட்டிக்கொண்டுதான் இருக்கும், அது உங்கட கடை சின்னனோ பெரிசோ எண்டு பாக்காது.

இன்னொண்டும் நடக்கும், சுத்தி இருக்கிற சாமான் எல்லாம் ஒண்டொண்டா கைவிடும். சென்ட்ஓஎஸ் 7 எண்ட லினக்ஸை எடுங்கோ. 2024 ஜூன் 30 அண்டு சப்போர்ட் முடிஞ்சுது, அதோட அதின்ர மிரர் லிஸ்ட் (பாக்கேஜ் இறக்கிற இடங்களின்ர பட்டியல்) முகவரியையும் எடுத்திட்டாங்கள், அடுத்த நாள் பாக்கேஜ் ஏத்த யம் கட்டளை அடிச்ச ஆக்களுக்கு அந்த முகவரியையே கண்டுபிடிக்கேலாது எண்டு எரர் வந்துது. அதில இருக்கிற ஜீலிப்சி, அதாவது மற்ற புரோகிராம்கள் எல்லாம் நம்பி ஓடுற அடிப்படை லைப்ரரி, 2.17. நோட் ஜேஎஸ் 18 க்கு 2.28 வேணும். விஎஸ்கோட் எண்ட கோட் எழுதிற எடிட்டரால ரிமோட்டா ஏறி வேலை செய்யவும் இப்ப 2.28 வேணும். அதால சேர்வர் ஓடிக்கொண்டிருக்க, நீங்கள் அதில புதுசா ஒண்டும் செய்யேலாத நிலை வரும். கனபேர் என்னட்ட வாறது ஹக் பண்ணினாப் பிறகு இல்லை, இந்தக் கட்டத்திலதான்.

சரி, எது எது எப்ப முடியும்? ஒருக்கா சொல்லுங்கோ எழுதி வைப்பம்.

லினக்ஸில உபுண்டு எண்டால் எல்ரிஎஸ் (நீண்ட காலச் சப்போர்ட்) எண்டு போட்டதை மட்டும் எடுங்கோ. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா ஏப்ரலில வரும், 5 வருஷம் சாதாரண சப்போர்ட். 18.04 க்கு 2023 மேயோட முடிஞ்சுது, 20.04 க்கு 2025 மேயோட முடிஞ்சுது, 22.04 க்கு 2027 வரை, 24.04 க்கு 2029 வரை. நடுவில வாற எல்ரிஎஸ் இல்லாத வெர்சனுக்கு 9 மாசம்தான், அதைச் சேர்வரில போடவே வேண்டாம். டெபியனுக்கு 3 வருஷம் முழுசா, பிறகு எல்ரிஎஸ் எண்டு 2 வருஷம், எல்லாமா 5. டெபியன் 11 க்கு 2026 ஓகஸ்ட் வரை. ரெட்ஹட் எண்ட கம்பனியின்ர லினக்ஸ் வழியில வாற அல்மாலினக்ஸ், ரொக்கி லினக்ஸ் ரெண்டுக்கும் 10 வருஷம், 8 ஆவது 2029 வரை, 9 ஆவது 2032 வரை.

விண்டோஸ் சேர்வர் 2012 உம் 2012 ஆர்2 உம் 2023 ஒக்டோபர் 10 அண்டு முடிஞ்சுது. 2016 க்கு 2027 ஜனவரி, 2019 க்கு 2029 ஜனவரி, 2022 க்கு 2031 ஒக்டோபர். விண்டோஸுக்குள்ள எஸ்கியூஎல் சேர்வர் எண்ட டேட்டாபேஸ் இருந்தால் அதுக்குத் தனித் தேதி, அதைக் கனபேர் மறந்து போவினம். எஸ்கியூஎல் 2014 2024 ஜூலையோட முடிஞ்சுது, 2016 க்கு 2026 ஜூலை. ஓஎஸ் புதுசு, டேட்டாபேஸ் பழசு எண்டு கிடந்தால் அரைவாசி வேலைதான் செய்திருக்கிறியள்.

புது சேர்வர் ஒண்டு போடப்போறன், எதைப் போட? ஒரே சொல்லில சொல்லுங்கோ.

ஒரே சொல்லில ஏலாது, முதல்ல உங்கட சொஃப்ட்வெயாரைப் பாருங்கோ. அது எந்த ஓஎஸ்ஸில ஓடும் எண்டு செய்தவர் எழுதியிருப்பார், அந்த லிஸ்ட்டில கடைசியா முடியிற தேதி உள்ளதை எடுங்கோ. கனபேர் மாறித்தான் செய்யினம். கிளவுட் எது விலை குறைவு எண்டு முதல் பாத்து, அதில மெசின் எது விலை குறைவு எண்டு பாத்து, கடைசியா ஓஎஸ், அதுக்கும் பிறகுதான் சொஃப்ட்வெயார் ஞாபகம் வரும். சாதாரண வெப்சைட், சின்ன ஆப் எண்டால் உபுண்டு 24.04 அல்லது டெபியன் 12 போடுங்கோ எண்டுதான் சொல்லுவன். பெரிய கம்பனி சொஃப்ட்வெயார் ஏதும் ரெட்ஹட் எண்டு கேட்டால் அல்மாலினக்ஸ் 9.

என்னட்ட இருக்கிற ஐஎஸ்ஓவை (இன்ஸ்டோல் டிஸ்க் ஃபைல்) ஏத்தி விரும்பின ஓஎஸ் போடலாமோ?

சின்ன விபிஎஸ் (விலை குறைஞ்ச வாடகை விஎம்) குடுக்கிற கன இடத்தில ஏலும். அமேசன், அஸூர், கூகிளில ஐஎஸ்ஓவைப் போட்டு வீட்டுக் கொம்பியூட்டருக்கு இன்ஸ்டோல் பண்ணிற மாதிரி நேர செய்யேலாது, அவங்கட லிஸ்ட்டில இருக்கிற இமேஜை (ஓஎஸ் ஏத்தி வச்ச டிஸ்க்கின்ர கொப்பி) எடுக்கோணும் இல்லாட்டி நீங்கள் வேற இடத்தில செய்த டிஸ்க் இமேஜை இம்போர்ட் பண்ணோணும். அஸூருக்கு அனுப்பிறது எண்டால் விஎச்டி ஃபோர்மட்டில, அதுவும் சைஸ் கூடாத ஃபிக்ஸ்ட் வகையில இருக்கோணும், விஎச்டிஎக்ஸ் எடுக்காது.

இம்போர்ட் பண்ணிறவை கவனிக்க வேண்டியது டிரைவர். அஸூருக்குக் கீழ இருக்கிறது ஹைப்பர்வி, கூகிளுக்குக் கீழ கேவிஎம், அமேசனின்ர புது மெசினுக்குக் கீழ நைட்ரோ, மூண்டும் வேற வேற ஹைப்பர்வைசர். டிஸ்க்கும் நெட்வேர்க் கார்டும் ஒவ்வொண்டிலயும் வேற மாதிரித் தெரியும். இப்பத்தை லினக்ஸ் கேர்னலுக்குள்ள (ஓஎஸ்ஸின்ர நடுப்பகுதி) எல்லா டிரைவரும் கிடக்கு, பயமில்லை. பழைய விண்டோஸ் இமேஜ் எண்டால் டிரைவரை முதல்லயே ஏத்திப்போட்டுத்தான் கொண்டுபோகோணும், போனாப் பிறகு ஏத்திறதுக்கு உங்களுக்கு உள்ள போக வழி இருக்காது.

விண்டோஸ் 11 போடலாமோ? மக் ஓஎஸ்?

ரெண்டும் லைசென்ஸ் விஷயம், ரெக்னிக்கலா ஓடுறது வேற. விண்டோஸ் 10, 11 எல்லாம் ஒரு ஆள் பாவிக்கிற டெஸ்க்டொப்புக்கெண்டு லைசென்ஸ் எழுதினது, பொது கிளவுட்டில அதைப் போட தனி உரிமை வேணும், கடையில வாங்கின கீயைக் கொண்டுபோய்ப் போடேலாது. அதாலதான் பொதுவா எல்லாரும் விண்டோஸ் சேர்வர் எடுக்கினம், அதின்ர லைசென்ஸ் காசு மணித்தியால வாடகைக்குள்ளயே அடங்கும். லினக்ஸ் விஎம்மையும் விண்டோஸ் விஎம்மையும் விலை ஒப்பிட்டு ஏன் இவ்வளவு வித்தியாசம் எண்டு கேக்கிறவைக்கும் இதுதான் பதில்.

மக் ஓஎஸ்ஐ அப்பிள் தன்ர மெசினில மட்டும்தான் ஓட்ட விடும். அமேசனில மக் இருக்கு, ஆனா அது உண்மையான மக் மெசினை முழுசா வாடகைக்குத் தாறது, குறைஞ்சது 24 மணித்தியாலத்துக்கு எடுக்கோணும். ஐஃபோன் ஆப் ஒண்டு பில்ட் பண்ணி அனுப்ப வேணுமெண்டால் மட்டும் யோசியுங்கோ.

கடையில பழைய பில்லிங் சொஃப்ட்வெயார் கிடக்கு, 32 பிட் எண்டுறாங்கள். கிளவுட்டில ஓடுமோ?

32 பிட் விண்டோஸ் சொஃப்ட்வெயார் 64 பிட் விண்டோஸில ஓடும், அதுக்கெண்டு விண்டோஸுக்குள்ளயே வசதி இருக்கு. விஷுவல் ஃபொக்ஸ்புரோ, விபி6 இல செய்த கன பில்லிங் புரோகிராம்கள் விண்டோஸ் சேர்வர் 2019, 2022 இல இப்பவும் ஓடுது. சிலதுக்கு டொட்நெட் 3.5 வேணும், அது தானா இராது, ஃபீச்சர் லிஸ்ட்டில போய் ஒன் பண்ணோணும். ஆனா 16 பிட் எண்டால், அதாவது டொஸ் காலத்து கிளிப்பர், பழைய ஃபொக்ஸ்புரோ, 64 பிட் விண்டோஸில ஓடவே ஓடாது. விண்டோஸ் சேர்வர் 2008 ஆர்2 இல இருந்து 32 பிட் சேர்வரே வாறேல்லை, அதால பழைய சேர்வர் தேடி எடுத்துப் போடுவம் எண்டு நினைக்காதேங்கோ. டொஸ் எமுலேற்றர் ஒண்டுக்குள்ள ஓட்டலாம், இல்லாட்டி டேட்டாவை வெளிய எடுத்து வேற சொஃப்ட்வெயாருக்கு மாறோணும்.

சொஃப்ட்வெயார் ஓடினாலும் ரெண்டு சாமான் வழி மறிக்கும். ஒண்டு யுஎஸ்பி டொங்கிள் (சொஃப்ட்வெயார் ஓட மெசினில குத்தி வைக்கிற சாவி), விஎம்முக்கு குத்திறதுக்கு இடமில்லை, ஆர்டிபியால (தூர இருந்து விண்டோஸ் திரையைத் திறந்து வேலை செய்யிற வழி) அனுப்பினாலும் கன டொங்கிள் பிடிக்காது. செய்தவரிட்ட கேட்டு சொஃப்ட்வெயார் கீயா மாத்தி எடுங்கோ, மாத்தித் தரேலாது எண்டால் கிளவுட்டுக்குப் போற எண்ணத்தையே விடுங்கோ. மற்றது டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டர். ஆர்டிபியால கடைப் பிரிண்டரை சேர்வருக்குக் காட்டலாம், ஆனா விண்டோஸ் ஈஸி பிரிண்ட் எண்ட ஒண்டைப் பாவிச்சு எழுத்தைப் படமா மாத்தி அனுப்பும், அப்ப தலை அங்கயும் இங்கயும் மெதுவா ஓடி ஒரு பில்லுக்கு ஆள் நிண்டு களைச்சுப் போகும். சேர்வரில அந்தப் பிரிண்டரின்ர சொந்த டிரைவரை ஏத்தி, ஈஸி பிரிண்டை முதல்ல பாவி எண்டு இருக்கிற பொலிசியை நிப்பாட்டினால் பழைய வேகம் வரும். கடைக்காரர் கிளவுட்டை ஏசிறது கனக்க இந்தப் பிரிண்டராலதான், அதால மாற முதல் ஒரு நாள் பில் அடிச்சுப் பாருங்கோ.

அந்த சேர்வரில ரெண்டு பேருக்கு மேல ஏற விடுதில்லை, பிழையோ?

பிழை இல்லை. விண்டோஸ் சேர்வரில நிர்வாக வேலைக்கெண்டு ஒரே நேரத்தில 2 ஆர்டிபிதான். கடையில 5 பேர் இருந்து வேலை செய்யிறது எண்டால் ரிமோட் டெஸ்க்டொப் சேர்விஸை ஏத்தி ஆளாளுக்கு சிஏஎல் (CAL) எண்ட லைசென்ஸ் வாங்கோணும். ஏத்தினால் 120 நாள் லைசென்ஸ் இல்லாமலும் ஓடும், அதை வச்சுக்கொண்டு சில பேர் முழு சிஸ்டத்தையும் போட்டுக் குடுத்திட்டுப் போயிருவினம், நாலு மாசம் கழிச்சு ஒரு காலமை ஒருத்தரும் ஏறேலாமல் போகும். உங்களுக்கு ஆரும் செய்து தந்தால் அந்த சிஏஎல் வாங்கின பத்திரத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கோ.

ஆர்ம் மெசின் விலை குறைவா கிடக்கு, எடுக்கட்டோ?

ஆர்ம் எண்டது இன்ரெல்லைப் போல இல்லாத வேற வகை சிபியு. லினக்ஸ் எண்டால் கனக்க எடுக்கலாம். அமேசனின்ர கிராவிட்டன், ஒராக்கிள்காரர் இலவசமாத் தாற அம்பியர், ரெண்டும் ஆர்ம்தான், உபுண்டு, டெபியன், அல்மா எல்லாம் அதுக்கு இருக்கு. வேர்ட்பிரஸ், பிஎச்பி, பைதன், நோட், போஸ்ட்கிரெஸ் எல்லாம் வடிவா ஓடும். கம்பஸ் பெடியள் படிக்கிறதுக்கு இதைப் பாவிக்கிறது நல்ல விஷயம்.

பிரச்சினை வாறது இன்ரெல் மெசினுக்கெண்டு பில்ட் பண்ணின புரோகிராமைக் கொண்டுவந்து வைக்கேக்க. எக்ஸெக் ஃபோர்மட் எரர் எண்டு ஒரு வரி காட்டிப்போட்டு நிண்டிடும். அதைக் கண்டால் வேற ஒண்டையும் தேட வேண்டாம், ஆர்க்கிடெக்சர் பொருந்தேல்லை எண்டு அர்த்தம். சோர்ஸ் கோட் கையில இல்லாத, ஒரு கம்பனி செய்து தந்த சொஃப்ட்வெயார் ஏதும் இருந்தால் ஆர்ம் எடுக்காதேங்கோ. இன்ரெல் விஎம்மை பிறகு சைஸ் மாத்தி ஆர்ம் ஆக்கவும் ஏலாது, புதுசாத்தான் போடோணும்.

உபுண்டு 18.04 இல இருந்து நேர 24.04 க்கு பாயலாமோ?

ஏலாது. ஒவ்வொரு எல்ரிஎஸ்ஸா ஏறோணும்: 18.04 இல இருந்து 20.04, அங்க இருந்து 22.04, பிறகு 24.04. ஒவ்வொரு படியிலயும் உள்ளுக்க இருக்கிற சாமானும் சேந்து மாறும், அதுதான் உண்மையான வேலை. 18.04 இல பிஎச்பி 7.2, 20.04 இல 7.4, 22.04 இல 8.1, 24.04 இல 8.3. பைதன் 2 இல எழுதின ஸ்கிரிப்ட் ஏதும் கிரொன்ல (குறிச்ச நேரத்துக்கு தானா ஓட்டிற வசதி) ஓடிக்கொண்டு கிடந்தால் 24.04 இல அதுக்கு பைதன் 2 பாக்கேஜே இல்லை. மைஎஸ்கியூஎல்லோட கதைக்கிற பழைய பிஎச்பி ஃபங்சன்கள் பிஎச்பி 7.0 இலயே எடுத்தாச்சு, அதைப் பாவிச்சு எழுதின தளம் கோடை மாத்தாமல் ஓடாது.

நான் ஆருக்கும் இருக்கிற மெசினில வச்சு அப்கிரேட் பண்ணச் சொல்லிறேல்லை. பக்கத்தில 24.04 போட்டு புது விஎம் ஒண்டு எடுங்கோ, தளத்தைக் கொப்பி பண்ணி ஓட்டிப் பாருங்கோ, எல்லாம் சரி எண்டால் டிஎன்எஸ்ஸை (தளத்தின்ர பேர் எந்த சேர்வருக்குப் போகும் எண்ட பதிவு) மாத்துங்கோ, பழசை ஒரு கிழமை நிப்பாட்டி வச்சிருந்து பிறகு அழியுங்கோ. ரெண்டு விஎம்முக்கும் சேத்து அந்தக் கொஞ்ச நாளுக்கு கூடக் காசு போகும், ஆனா இரவு 2 மணிக்கு பாதி அப்கிரேட்டில நிண்ட மெசினோட இருந்து அழத் தேவையில்லை. விண்டோஸுக்கும் அப்பிடித்தான், மேல ஏத்த வழி இருக்கு, இருந்தாலும் புதுசு போட்டு மாத்திறதுதான் நிம்மதி.

சென்ட்ஓஎஸ் 7 தான் இருக்கு, இப்ப என்ன செய்ய?

முதல்ல ஸ்னப்சொட் (டிஸ்க்கின்ர இப்பத்தை நிலையின்ர கொப்பி) எடுங்கோ. பாக்கேஜ் இறக்கேலாமல் கிடந்தால் றெப்போ (பாக்கேஜ் இறக்கிற இடம்) முகவரியை வோல்ட் எண்ட பழைய களஞ்சியத்துக்கு மாத்தினால் இறங்கும், ஆனா அதில புது அப்டேட் வராது, கடைசியா இருந்ததுதான். பிறகு அல்மாலினக்ஸ்காரர் செய்த எலிவேட் எண்ட கருவியால 7 இல இருந்து 8 க்கும், அங்க இருந்து 9 க்கும் போகலாம். சீபனல் (ஹோஸ்டிங் நிர்வகிக்கிற சொஃப்ட்வெயார்) மாதிரி ஏதும் ஏத்தியிருந்தால் அவங்கள் சொல்லிற முறையைத்தான் பாக்கோணும். மேல சொன்ன மாதிரி புது விஎம்தான் எனக்குப் பிடிச்ச வழி.

சில பேர் சென்ட்ஓஎஸ் 8 க்குப் போவம் எண்டு இப்பவும் கேக்கினம். 8 க்கு 2029 வரை சப்போர்ட் எண்டு சொல்லியிருந்து, 2020 டிசம்பரில திடீரெண்டு மாத்தி 2021 டிசம்பர் 31 ஓட முடிச்சிட்டாங்கள், 7 க்கு முதலே 8 செத்தது. அந்த அடியிலதான் அல்மாவும் ரொக்கியும் பிறந்தது. 10 ஆவது வெர்சனுக்குப் போறவை சிபியுவையும் பாருங்கோ: ரெட்ஹட் 10 க்கு எக்ஸ்86-64-வி3 எண்ட மட்டத்துக்கு சிபியு வேணும், பழைய இன்ரெல் போட்ட விலை குறைஞ்ச விபிஎஸ்ஸில பூட்டே ஆகாது. அல்மா மட்டும் வி2 க்கும் தனியா ஒண்டு தருது.

தமிழ்ல ரசீது பிடிஎஃப் அடிக்கிறம், வீட்டு மெசினில சரி, கிளவுட்டில பெட்டி பெட்டியா வருது!

சேர்வர் இமேஜில தமிழ் ஃபொன்ற் இல்லை, அவ்வளவுதான். உபுண்டு, டெபியனில லோகித் தமிழ் அல்லது நோட்டோ ஃபொன்ற் பாக்கேஜை ஏத்தி, பிடிஎஃப் செய்யிற சேர்விஸை ரீஸ்டார்ட் பண்ணுங்கோ. பெட்டி போய், எழுத்து வந்து, ஆனா கொம்பு எழுத்துக்குப் பின்னுக்கு நிண்டால் அது ஓஎஸ் பிழை இல்லை, பிடிஎஃப் லைப்ரரிக்கு தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியேல்லை. பிரவுசரை வச்சு பிடிஎஃப் எடுக்கிற முறைக்கு மாறுங்கோ.

ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா வந்தால் உங்கட டேட்டா பாமினி எண்ட பழைய ஃபொன்ற் முறையில கிடக்கு. எங்கட பக்கம் பழைய பள்ளிக்கூட லிஸ்ட், கோயில் உபயகாரர் லிஸ்ட் கனக்க இப்பிடித்தான். சேர்வரில பாமினியை ஏத்தி சமாளிக்காமல் ஒருக்கா யுனிகோடுக்கு மாத்திப்போடுங்கோ, இல்லாட்டி ஒவ்வொரு மெசின் மாத்தேக்கையும் இதே கதைதான். அதோட நேரத்தையும் பாருங்கோ. கிளவுட் விஎம் பெரும்பாலும் யுரிசியில (உலகப் பொது நேரம்) வரும், காலமை 8 மணிக்கு கைநாட்டு வச்ச வாத்தியாரை 2.30 எண்டு பதியும். ரைம்சோனை ஆசியா/கொழும்பு எண்டு வைக்கோணும்.

விஎம் சைஸை மாத்தினம், இப்ப பூட்டே ஆகுதில்லை.

அமேசனில ரி2 எண்ட மெசின் வகையில இருந்து ரி3 க்கு மாத்தினனீங்களோ? ரி2 பழைய சென் ஹைப்பர்வைசர், ரி3 நைட்ரோ. டிஸ்க்கின்ர பேர் மாறும், நெட்வேர்க் கார்டின்ர பேர் மாறும். எஃப்எஸ்டப் ஃபைலில (பூட் ஆகேக்க எந்த டிஸ்க்கைக் கொழுவிறது எண்டு எழுதி வைக்கிறது) டிஸ்க்கைப் பேரால எழுதியிருந்தால் அதைக் காணேல்லை எண்டு லினக்ஸ் எமேர்ஜென்சி மோட்டில போய் நிக்கும், நீங்கள் வெளிய இருந்து பாத்தால் செத்த மாதிரித்தான் தெரியும். யுயுஐடியால (டிஸ்க்கின்ர மாறாத அடையாள எண்) எழுதி, ரெண்டாவது டிஸ்க்குக்கு நோஃபெயில் (காணாட்டியும் நிக்காமல் பூட் ஆகு) எண்டும் போட்டிருந்தால் இது வராது. விண்டோஸ் எண்டால் டிஸ்க்குக்கு என்விஎம்ஈ, நெட்வேர்க்குக்கு ஈஎன்ஏ எண்ட டிரைவர் ரெண்டையும் மாத்த முதலே ஏத்தியிருக்கோணும்.

இப்ப பூட் ஆகாமல் நிக்கிறதை எடுக்கிறதுக்கு முதல் வழி பழைய சைஸுக்கே திருப்பி மாத்திறது. அது சரிவராட்டி டிஸ்க்கைக் கழட்டி வேற ஒரு விஎம்மில கொழுவி, அந்த ஃபைலைத் திருத்திப்போட்டு திரும்பக் கொண்டுவந்து போடுங்கோ. அஸூரில எண்டால் ஜென் 1, ஜென் 2 எண்டு ஒரு வித்தியாசம் இருக்கு, முதலாவது பழைய பயோஸ் பூட் முறை, ரெண்டாவது புது யுஈஎஃப்ஐ முறை. சில புது சைஸ் ஜென் 2 ஐ மட்டும்தான் எடுக்கும், அதால புதுசா போடேக்க ஜென் 2 இமேஜையே தெரிவு செய்யுங்கோ.

அஸூர் விண்டோஸ் விஎம்மில டி டிரைவில வச்ச ஃபைல் எல்லாம் காணேல்லை!

அது ரெம்பரறி டிஸ்க். விஎம்மை நிப்பாட்டி டீஅலொகேற் பண்ணினால் (மெசினை அஸூரிட்ட திருப்பி விட்டால்) அழிஞ்சு போகும், திருப்பி எடுக்கேலாது. டேட்டாவுக்கெண்டு தனி டிஸ்க் கொழுவுங்கோ.

புது உபுண்டு போட்டம், பழைய புட்டியால (சேர்வருக்குள்ள ஏறுற புரோகிராம்) உள்ள போகேலாது, கீ பிழையாம்.

கீ பிழை இல்லை. உபுண்டு 22.04 இல இருந்து எஸ்எஸ்எச் (சேர்வருக்குள்ள ஏற விடுற சேவை), ஆர்எஸ்ஏ கீயை பழைய ஷா1 முறையில கையெழுத்து வச்சால் ஏற்காது. பழைய புட்டி, வின்எஸ்சிபிக்கு அந்த முறை மட்டும்தான் தெரியும். புது வெர்சன் இறக்கிப் போடுங்கோ, அதே கீயே வேலை செய்யும். சேர்வர் பக்கம் போய் பழைய முறையைத் திறந்து விடச் சொல்லி சில இடத்தில எழுதியிருப்பினம், அதைச் செய்யாதேங்கோ.

டொக்கருக்குள்ள போட்டால் ஓஎஸ் தலையிடியே இல்லைத்தானே?

பாதி உண்மை. டொக்கர் எண்டது ஒரு புரோகிராமை அதுக்கு வேண்டிய சாமானோட சேத்து கொன்ரெய்னர் எண்ட பெட்டிக்குள்ள வச்சு ஓட்டிற கருவி. பிஎச்பி 7.4 தான் வேணும் எண்டுற தளத்தை புது உபுண்டுவில வச்சிருக்க டொக்கர் நல்ல வழி. ஆனா கொன்ரெய்னருக்கு சொந்தக் கேர்னல் இல்லை, விஎம்மின்ர கேர்னலைத்தான் பாவிக்கும், அதால கீழ இருக்கிற ஓஎஸ்ஸுக்கு அப்டேட் போட்டே ஆகோணும். கொன்ரெய்னருக்குள்ள இருக்கிற இமேஜும் ஒரு டெபியனோ அல்பைனோதான், அதுக்கும் முடியிற தேதி இருக்கு. பிஎச்பி 7.4 க்கே 2022 நவம்பரோட சப்போர்ட் முடிஞ்சுது, அதைப் பெட்டிக்குள்ள வச்சால் வயசு குறையாது. ஆர்ம் பற்றி மேல சொன்னது டொக்கர் இமேஜுக்கும் அப்பிடியே பொருந்தும்.

விஎம்மை எந்த ஊரில எடுக்க, சிங்கப்பூரோ, சென்னையோ, மும்பையோ?

பெரிய மூண்டு பேருக்கும் இலங்கைக்குள்ள றீஜன் (அவங்கட சேர்வர் இருக்கிற இடம்) இல்லை. அஸூருக்கு சென்னையில இருக்கு, அமேசனுக்கு மும்பையும் ஐதராபாத்தும், கூகிளுக்கு மும்பையும் டெல்லியும், மூண்டு பேருக்கும் சிங்கப்பூரில இருக்கு. வரைபடத்தில கிட்ட எண்டதால வேகம் எண்டு நினைக்காதேங்கோ, உங்கட லைன் எந்த வழியால போகுது எண்டதுதான் கணக்கு. ஆர்டிபியில வேலை செய்யிற கடை எண்டால் பின்னேரம் எல்லாரும் வீடியோ பாக்கிற நேரம் ரெண்டு இடத்துக்கும் பிங் (தகவல் போய் வாற நேரத்தைக் காட்டிற கட்டளை) அடிச்சுப் பாத்து முடிவெடுங்கோ. எல்லா மெசின் வகையும் எல்லா றீஜனிலயும் இராது, ஆர்ம் வேணும் எண்டால் அதையும் முதல்ல பாருங்கோ.

இன்னும் ஒரு வருஷம் பழசை இழுக்கோணும், வேற வழியே இல்லை. என்ன செய்யலாம்?

உபுண்டு எண்டால் உபுண்டு புரோ எண்டு ஒண்டிருக்கு, 5 மெசின் வரை இலவசம், எல்ரிஎஸ்ஸுக்கு மொத்தம் 10 வருஷம் பாதுகாப்பு அப்டேட் தரும். 18.04 க்கு 2028 வரைக்கும், 20.04 க்கு 2030 வரைக்கும் போகும். சின்னக் கடை, ரியூசன் சென்ரருக்கு அது தாராளம், இதைப் போடாமல் 20.04 வச்சிருக்கிறவை இண்டைக்கே போடுங்கோ. விண்டோஸ் 2012 ஆர்2 க்கு ஈஎஸ்யு (நீடிச்ச பாதுகாப்பு அப்டேட்) எண்டு 2026 ஒக்டோபர் 13 வரை அப்டேட் இருக்கு, அஸூருக்குள்ள ஓடினால் அதுக்குத் தனிக் காசில்லை, வேற இடத்தில எண்டால் வாங்கோணும்.

அப்பிடி ஒண்டும் இல்லாத ஓஎஸ் எண்டால் அதை இன்ரநெட்டுக்குத் தெரியாமல் வையுங்கோ. பப்ளிக் ஐபியை எடுத்துவிடுங்கோ, விபிஎன்னால மட்டும் ஏறுங்கோ, ஆர்டிபி போர்ட் ஒருக்காலும் வெளிய திறந்து கிடக்கக்கூடாது. வெப்சைட் எண்டால் முன்னுக்கு புது உபுண்டுவில என்ஜின்எக்ஸ் எண்ட வெப் சேர்வர் ஒண்டை வச்சு, பழசை அதுக்குப் பின்னால மறைக்கலாம். பக்கப் அந்த மெசினிலயே இருக்கக்கூடாது. எந்த மாசம் மாறுறது எண்டதை காசு குடுக்கிற முதலாளியிட்ட எழுத்தில வாங்குங்கோ, தேதி இல்லாட்டி அந்த ஒரு வருஷம் நாலு வருஷமாகும்.

உதவி கேட்டு கிளவுட்காரருக்கு டிக்கெட் போட்டம், உங்கட ஓஎஸ் எங்கட சப்போர்ட்டில இல்லை எண்டு பதில் வந்துது. இனி?

முதல் கேள்விக்குச் சொன்ன பிரிவுதான் இது. மெசின் ஒன் ஆகுதோ, டிஸ்க், நெட்வேர்க் சரியோ எண்டு அவங்கள் பாப்பாங்கள், சப்போர்ட் முடிஞ்ச ஓஎஸ்ஸுக்குள்ள என்ன நடக்குது எண்டு பாக்க மாட்டாங்கள். டிக்கெட் போட முதல் சீரியல் கொன்சோலில (மெசின் பூட் ஆகேக்க வாற எழுத்துகளைக் காட்டிற இடம்) கடைசியா வந்த வரியளை எடுத்து வையுங்கோ. அதில கேர்னல் ஏறி, டிஸ்க்கும் மவுண்ட் ஆகியிருந்தால் பிழை உங்கட பக்கம், கேர்னலே ஏறேல்லை எண்டால் அந்த வரியளையும் சேத்து அனுப்புங்கோ.

எங்கட விஎம்மை எடுத்த இமேஜ் இப்ப லிஸ்ட்டிலயே இல்லை. விஎம் அழிஞ்சால் என்ன செய்ய?

இதைக் கேக்கிற ஆக்கள் குறைவு, ஆனா கேக்க வேண்டிய கேள்வி. சப்போர்ட் முடிஞ்ச ஓஎஸ் இமேஜை கிளவுட்காரர் லிஸ்ட்டில இருந்து எடுப்பினம். ஏற்கனவே ஓடுற விஎம்முக்கு ஒண்டும் ஆகாது, ஆனா அதே மாதிரி இன்னொண்டை புதுசாப் போடேலாது. விஎம்மைத் தானா எழுப்ப ஓட்டோஸ்கேலிங், டெராஃபோம் எழுதி வச்சவைக்கு ஒருநாள் திடீரெண்டு இமேஜ் இல்லை எண்டு விழும்.

அதால ஓடுற விஎம்மில இருந்து உங்கட சொந்த இமேஜ் ஒண்டு இப்பவே எடுத்து வையுங்கோ, அதை உங்கட எக்கவுண்டிலயே வச்சிருங்கோ, வேற றீஜனுக்கும் ஒரு கொப்பி. எடுத்தது மட்டும் காணாது. அதில இருந்து ஒரு சின்ன விஎம் எழுப்பி, உள்ள ஏறி, டேட்டாபேஸ் திறக்குதோ எண்டு பாத்திட்டு அழியுங்கோ, ஒரு மணித்தியாலக் காசுதான் போகும். மார்க்கெட்பிளேசில (வேற கம்பனியள் இமேஜ் தாற இடம்) எடுத்த இமேஜ் எண்டால் இன்னும் கவனம், அதில இருந்து நீங்கள் செய்த கொப்பியோடயும் அந்த வெளியீட்டாளரின்ர நிபந்தனை ஒட்டிக்கொண்டு வரும், அவங்கள் அதை நிப்பாட்டினால் உங்கட கொப்பியும் எழும்பாமல் போகலாம். அப்பிடி இமேஜ் வச்சிருக்கிறவை டேட்டாவையும் செற்றிங் ஃபைல்களையும் தனியா வெளிய எடுத்து, வெறும் உபுண்டுவில திருப்பி ஏத்திப் பாத்து வச்சிருங்கோ.